பாலர் வகுப்பில் நாளொழுங்கு

பாலர் வகுப்பிலே நாட்கடமைகளைக் கற்பித்தல் மிக எளிய காரியம் என எண்ணுவார் பலர். துயிலெழுதல், பல் விளக்கல், நீராடல், திருநீறு அணிதல், உண்ணல், பாடசாலை செல்லல் ஆகியவற்றைப் படமாக வரைந்து சுவரிலே தூக்கி, பிள்ளைகளை ஒரே குரலிற் சொல்லச் செய்தாற் பாடம் முடிந்தது என்பது அவர் கருத்து. பிள்ளைகள் சொல்லுவார்கள், சொல்லுவதனாலேயே பொழுதின் முறைமையை உணர்ந்துவிட்டார்கள் என்பது துணிபன்று. நம் பழைய மாணவருட் பலர் இன்று பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்துப் பாலர் வகுப்பிற்கு அழைத்து வருவோராதலின், இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இத்துறை நமக்குப் புதியதன்று. 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஆறுமுக நாவலர், சைவ வினாவிடை இரண்டாம் புத்தகத்தில் நித்தியகருமவியல் எனத் தனியே ஓரியல் வகுத்து, நாட்கடன்களை வினாவும் விடையுமாக அமைத்தார். மேனாட்டிலே, 1907 இல் உரோமாபுரியின் ஏழைமக்கள் குடியிருப்பொன்றிற் சிறுவர் இல்லம் திறந்த மரியா மொன்ரிசோரி அம்மையார், நீர் வார்த்தல், பொத்தான் பூட்டுதல், மேசை துடைத்தல் என்பவற்றையே பாடங்களாக்கினார். 1939 இல் இந்தியாவுக்கு வந்த அவர் 1944 இல் இலங்கையிலும் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். வினாவிடை மனனஞ் செய்யத்தக்க பருவத்தார்க்கு உரியது. ஐந்து வயதினர்க்குக் கைவேலையே பொருந்தும் என்பது எமது எண்ணம்.

மணிக்கூடு பிள்ளைக்குப் பின்னரே விளங்கும். ‘ஏழரை மணிக்குப் பாடசாலை’ என்பது பாலனுக்கு வெற்றொலி; ‘தேநீர் குடித்தபின் பாடசாலை’ என்பதோ அவன் நாடோறும் கண்ட உண்மை. ‘நாளைக்குக் கோயிலுக்குப் போனனாங்கள்’ என்று மழலை பேசும் பிள்ளையைக் கண்டு நகைப்பார் உளர். சென்ற நாளும் வரும் நாளும் அப்பிள்ளைக்கு ‘இன்று அல்லாத நாள்’ என்னும் ஒரே பொருளாய் நிற்றலின் அங்ஙனம் கூறிற்று. ஆகவே அளவை விடுத்து வரிசையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இதற்குத் தமிழ்மொழி செய்யும் உதவி பெரிது. ‘எழுந்து, பல் விளக்கி, முகங் கழுவி, நீறு பூசி, உண்டு, பள்ளிக்குச் சென்றான்’ என்னும் வாக்கியத்தில் முற்று வினை ஒன்றே, ஏனையவெல்லாம் வினையெச்சங்கள். செயல் நடந்த முறையிலேயே சொற்களும் நடக்கின்றன. இலக்கணத்தின் பெயரறியாத பிள்ளை தன் காலைப்பொழுதைக் கூறுகையில் வினையெச்சத்தைப் பயின்றுவிடுகின்றது. இடர் தோன்றுவது ‘முன்’ என்னும் சொல்லிலேயாம். ‘கை கழுவியபின் உண்’ என்பதில் முதலிற் கேட்டதே முதலிற் செய்வது. ‘உண்ணுமுன் கை கழுவு’ என்பதிலோ பிற்செயல் முன்னே ஒலிக்கின்றது. சிறுபிள்ளைகள் கேட்ட வரிசையையே செயலின் வரிசையாகக் கொள்ளுதல் பெரும்பான்மை வழக்கு. கட்டளைக்குப் பணியாத பிள்ளை எனச் சினக்குமுன் நம் வாக்கியத்தை நாமே நோக்குதல் நன்று.

படங்கள் பத்து வேண்டா, மூன்று போதும். அவற்றைக் கலைத்துவிட்டு அடுக்கச் சொல்லலாம். ஒன்றை மறைத்து, விடுபட்டது யாதெனக் கேட்கலாம். கை கழுவலைப் படத்திற் காட்டாது, குழாயடிக்கு அழைத்துச் சென்று மெய்யான நீரும் சவர்க்காரமும் கொடுத்தல் வேண்டும். 1999 இல் நாடெங்கும் பரவிய கல்விச் சீர்திருத்தம் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என இதற்கு இடம் வகுத்து, விளையாட்டையும் செயலையும் எழுத்துவேலையோடு ஒப்ப வைத்தது நன்றே. வாளி ஒன்றும் இல்லாத வகுப்பறையிற் செயல் எங்ஙனம் நிகழும் என்பது வேறு கேள்வி.

இனி, யாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. சுவர்ப்படத்திலே தாய் அடுப்படியில் நிற்பாள். தந்தை பையுடன் தொழிலுக்குப் புறப்படுவார். வகுப்பிலோ, தாய் மத்திய கிழக்கிலே பணிபுரியப் பேர்த்தியாரிடம் வளரும் பிள்ளை இருக்கும். போரிலே தந்தையை இழந்த வீட்டுப் பிள்ளையும் இருந்ததுண்டு. ‘அம்மா என்ன சமைத்தா?’ என்னும் வினா அப்பிள்ளைகளை வாயடைக்கச் செய்யும். ‘காலையில் நீ என்ன சாப்பிட்டாய்? உன்னை எழுப்பியவர் யார்?’ எனக் கேட்பின் எல்லாப் பிள்ளைக்கும் விடையுண்டு.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபின், பாடசாலைகள் பல தென்மராட்சியிலே பிற பாடசாலைக் கட்டடங்களிற் பிற்பகல் வேளையில் நடைபெற்றன. கிணற்றடியும் அடுப்படியும் நித்திரை கொள்ளும் இடமும் மாறிப்போன பிள்ளைக்கு, மணியடித்தல், தேவாரம் பாடுதல், இடாப்புக் கூப்பிடுதல் என்னும் மூன்றுமே நாளின் எல்லைக்கற்களாயின. வகுப்பின் ஒழுங்கு வீட்டொழுங்கின் படியாக மட்டும் இராது, வீட்டொழுங்கு குலைந்தவிடத்துத் தானே தூணாகவும் நிற்கும்.

ஆதலின் வகுப்பின் அன்றைய நிகழ்ச்சிகளை அட்டைகளில் எழுதிப் படமும் வரைந்து கயிற்றிலே வரிசையாகத் தொங்கவிடுதல் தக்கது. நாடோறும் ஒரு பிள்ளை அவற்றை ஒழுங்குபடுத்தட்டும். ஒழுங்கு மாறும் நாளிலே மாற்றத்தை முன்னரே அறிவித்தல் வேண்டும். எதிர்பாராத மாற்றம் சில பிள்ளைகளை அழவைக்கும். வாணிவிழா நாளிலே ‘கணிதம்’ என்னும் அட்டையைக் கழற்றிப் ‘பூசை’ என்னும் அட்டையைக் கோக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டால், அன்று மாறியது எது, மாறாதது எது என்பதை அவர்களே நமக்குச் சொல்லுவர்.