பேரருவியும் உமி பாய்லரும்

குற்றாலத்துப் பேரருவி ஒரே மூச்சில் கீழே வந்துவிடுவதில்லை. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, அதன் பிறகுதான் நம் தலையில் இறங்குகிறது. நாம் குளித்த பின்னும் அந்தத் தண்ணீருக்கு வேலை மிச்சம் இருக்கிறது: சிற்றாறாக ஓடித் தென்காசி வயல்களில் நெல் விளைவிக்கிறது.

அந்த நெல்லைப் புழுங்கல் அரிசியாக்க அவிக்க வேண்டும். சாரல் நாளில் ரைஸ் மில் பக்கம் போனால், அவித்த நெல்லின் வாசனை ஈரக்காற்றோடு தெருமுனைக்கே வந்துவிடும். உள்ளே பாய்லரில் உமி எரிகிறது. ஒரு டன் நெல்லுக்கு ஏறத்தாழ 200 கிலோ உமி கிடைப்பதால் எரிபொருள் வீட்டுச் சரக்கு. மோட்டார் ஓட்டும் கரண்டுக்குத்தான் மாதாமாதம் பில்.

அவிக்கும் நீராவி, கரண்டு இரண்டையும் ஒரே உமியில் பெறலாம். அதுதான் இணை மின் உற்பத்தி.

ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 70 கலோரி போதும். கொதித்த நீரை ஆவியாக்கவோ 540 கலோரி வேண்டும். பெருஞ்செலவு இங்கேதான். அனல் மின் நிலையத்தில் டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிரவைக்கும்போது, இந்த உள்ளுறை வெப்பம் வீணாகிறது. நிலக்கரியின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. நெல் அவியத் தேவைப்படுவதோ வீணாகும் அதே வெப்பம்தான்!

ஆகவே நீராவியை 40 பார் அழுத்தம், 400 டிகிரி வரை ஏற்றி, முதலில் டர்பைனில் இறக்கி, தணிந்து வருவதை அவியலுக்கு விடலாம். சாதாரண பாய்லரைவிட இதற்குக் கூடுதலாக எரியும் உமி ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குள் அடங்கும். 1882இல் எடிசன் நியூயார்க்கில் தொடங்கிய மின் நிலையமே மிஞ்சிய நீராவியை அக்கம்பக்கக் கட்டடங்களுக்கு விற்றது. நம் சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து, கரண்டும் எடுத்து, சாறும் காய்ச்சுகின்றன.

மில்லில் சிக்கல் வேறு. அவியல் தொட்டி தொட்டியாக நடப்பதால் நீராவித் தேவை ஏறி இறங்கும். டர்பைனுக்குச் சீரான ஓட்டம் வேண்டும். சிறிய டர்பைனின் திறனும் குறைவு. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பதால் பாய்லர் குழாய்களை அது அரித்துவிடும். இவை மெய்யான தடைகள். ஆனாலும் கடக்கக் கூடியவை என்றே நினைக்கிறேன். களத்து வெயிலை நம்பாமல் ட்ரையரில் நெல் காயவைக்கும் மில்களில் மணிக்கணக்காக ஒரே அளவு வெப்பம் தேவைப்படுகிறது. அங்கிருந்து தொடங்கலாம். பக்கத்துப் பக்கத்து மில்கள் சேர்ந்து ஒரே பாய்லர் போட்டால், டர்பைனும் பெரிதாகும், ஒரு தொட்டி ஓயும்போது இன்னொரு தொட்டி நீராவி கேட்கும்.