வரப்போரத் தத்துப்பூச்சிகள்

நீங்கள் நெருங்கியதும் நண்டைப்போல் பக்கவாட்டில் நகர்ந்து இலையின் மறுபுறம் ஒளிகிறதே, அதுதான் தத்துப்பூச்சி. நெல் வயலோரப் புல்லில் பொறுமையாகத் தேடுங்கள். பின்காலின் கீழ்ப்பகுதியில் முட்கள் வரிசை வரிசையாக இருக்கும். அதன் உறவான புகையானுக்கோ அங்கே முனையில் அசையும் முள் ஒன்று உண்டு.

நெல்லில் வாழும் பச்சைத் தத்துப்பூச்சி 4 முதல் 5 மி.மீ. நீளம்தான். ஆணின் இறகு நுனி கறுப்பு, பெண்ணுக்கு வெளிர்நிறம். தலையின் முன்னோரத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால் நெபோடெட்டிக்ஸ் நைக்ரோபிக்டஸ். பட்டை இல்லாதது விரெசென்ஸ். நெற்பயிரை மஞ்சளாக்கிக் குட்டையாக்கும் துங்ரோ நச்சுயிரியைப் பரப்புவதில் விரெசென்ஸே முதன்மையானது. இத்தனை அழகான பச்சைக்குப் பின்னால் உழவரின் கவலையும் இருக்கிறது. புல்லில் சற்றுப் பெரிதாக, வெள்ளையாக, தலையில் கரும்புள்ளியோடு இருப்பது கோஃபானா ஸ்பெக்ட்ரா.

படமெடுக்க விடியற்காலையே நல்லது. குளிரில் பூச்சி மந்தமாக இருக்கும். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. மேக்ரோ லென்ஸால் முதுகு, முகம், பக்கவாட்டுத் தோற்றம் மூன்றையும் எடுங்கள். பின்கால் தெரியட்டும், அமர்ந்திருந்த செடியும் பதிவாகட்டும். பல இனங்களை ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தே பிரிக்க முடியும். அவற்றுக்குப் படத்தை வைத்துப் பேரினம்வரை சொல்வதே நேர்மை.