திறந்து வைத்த சலைன் பாட்டில்

பல் சிகிச்சைக்குப் போனவர்கள் மூளையில் கிருமி தாக்கி இறந்தார்கள் என்றால் நம்புவது கடினம். திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் அதுதான் நடந்தது. 2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையில் வட தமிழகத்தில் 21 பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற நோய் மூளையைத் தாக்கியிருந்தது. வேலூர் சி.எம்.சி., சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து துருவிப் பார்த்தபோது, அவர்களில் 10 பேர் ஒரே பல் கிளினிக்குக்குப் போனவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் 8 பேர் பிழைக்கவில்லை.

காரணம் ஒரு சலைன் பாட்டில். ஈறை எலும்பிலிருந்து நெம்பி விலக்கப் பயன்படும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். மிச்சமிருந்ததைக் கொட்டாமல், பாட்டிலின் வாயில் பஞ்சை அடைத்து வைத்து, அடுத்தடுத்து வந்தவர்களின் பல் குழியைக் கழுவ எடுத்திருக்கிறார்கள். பயன்பாட்டிலிருந்த பாட்டிலில் மெலியாய்டோசிஸ் கிருமியின் தடயம் கிடைத்தது. இந்தக் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. சத்து எதுவும் இல்லாத காய்ச்சி வடித்த நீரில்கூட அது ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். உப்புநீர்தானே, கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு இங்கே செல்லாது. பிடுங்கிய பல்லின் புண் வழியே உள்ளே போனால், முகத்திலுள்ள நரம்புகளைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறிவிட அதற்கு வழி உண்டு.

இதை எங்கோ தெற்கில் நடந்தது என்று கொல்கத்தாவாசிகளான நாம் ஒதுக்கிவிட முடியாது. இந்த நோயை முதன்முதலில் அடையாளம் கண்டவர்கள் ரங்கூனில் பணியாற்றிய விட்மோரும் கிருஷ்ணசாமியும். அவர்களின் கட்டுரை 1912-இல் வெளியானது கல்கத்தாவிலிருந்து வந்துகொண்டிருந்த ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’டில்தான். மழையும் ஈரமண்ணும் சேரும் இடமெல்லாம் இந்தக் கிருமிக்குத் தோதான இடம். வங்காளத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

கொல்கத்தாவில் அலிப்பூர், சேத்லா, நியூ அலிப்பூர் பக்கமெல்லாம் பெரிய மருத்துவமனைகள் இருந்தாலும், பல்வலி என்றால் நாம் போவது தெருமுனையில் ஒரு மருத்துவர், ஓர் உதவியாளர், ஒரே நாற்காலி உள்ள கிளினிக்குக்குத்தான். அதில் தவறில்லை. பளபளக்கும் தரையும் குளிரூட்டியும் சுத்தத்துக்குச் சாட்சி அல்ல என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அறையைப் பாருங்கள்: ஒருவருக்காகத் திறந்ததை இன்னொருவருக்கும் எடுக்கிறார்களா?

சலைன் உங்கள் கண்முன்னே புதிதாகத் திறக்கப்பட வேண்டும், மிச்சம் குப்பைக்கு. சிறு பாட்டிலின் விலை சில பத்து ரூபாய்தான், அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. மரத்துப்போகப் போடும் மருந்து நம் ஊரில் பெரும்பாலும் பலருக்குப் பயன்படும் குப்பியில்தான் வருகிறது. அது தவறல்ல. ஆனால் ஒருவருக்குப் போட்ட ஊசியோ சிரிஞ்சோ திரும்ப அந்தக் குப்பிக்குள் நுழைந்தால், வாணியம்பாடி பாட்டிலுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது.

அடுத்தது நாற்காலியிலிருந்து வாய்க்கு வரும் தண்ணீர். மெல்லிய குழாய்களில் இரவெல்லாம் தேங்கும் நீரில் கிருமிகள் பாசிபோல் படிந்துவிடும். இத்தாலியில் 2011-இல் 82 வயது மூதாட்டி ஒருவர் பல் நாற்காலி நீரிலிருந்து லெஜியோனெல்லா நிமோனியா தொற்றி இறந்தார். அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் முன்பு இருபது முப்பது நொடி தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். குழாய்களை அவ்வப்போது மருந்திட்டுக் கழுவ வேண்டும். எலும்பைத் தொடும் வேலைக்கு அந்தத் தண்ணீரே கூடாது, கிருமி நீக்கிய நீர்தான்.

கருவிகளுக்கு வருவோம். கொதிக்கும் நீரில் போட்டெடுத்தால் போதாது. சில கிருமிகளின் வித்துகள் அதைத் தாங்கிக்கொள்ளும். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் ஏறக்குறைய அரைமணி நேரம், அல்லது 134 டிகிரியில் சில நிமிடங்கள் நீராவி அழுத்தத்தில் இருக்க வேண்டும். நீலவெளிச்சம் எரியும் புறஊதா அலமாரியைக் காட்டி ‘எல்லாம் ஸ்டெரிலைஸ் பண்ணியாச்சு’ என்பார்கள். அது ஏற்கெனவே சுத்தமானதை எடுத்து வைக்கும் இடம், சுத்தம் செய்யும் இயந்திரம் அல்ல. கருவிகள் ஒட்டிய உறையில் வந்து உங்கள் முன்னே பிரிக்கப்படுவது நல்ல அடையாளம். உறையில் நிறம் மாறிய குறி, சூடு பட்டது என்று மட்டும் சொல்லும். கிருமி செத்ததா என்று அறிய வாரம் ஒருமுறை வித்துச் சோதனை செய்ய வேண்டும். ‘டர்ர்’ என்று சுற்றும் ஹேண்ட்பீஸையும் ஆட்டோகிளேவில் வைத்தாக வேண்டும்; நிற்கும் நொடியில் எச்சிலையும் ரத்தத்தையும் அது உள்ளிழுத்துக்கொள்ளும் என்பதால் ஸ்பிரிட் தடவித் துடைப்பது ஏமாற்று வேலை.

கழிவைப் பற்றிச் சுருக்கமாக. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் ஒற்றை நாற்காலி கிளினிக்குக்கும் பொருந்தும். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு, பிளாஸ்டிக் சிவப்புக்கு, ஊசி, குத்தித் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். பணியாளர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது.

‘டாக்டர், புது சலைன்தானே?’ என்று கேட்க நமக்குக் கூச்சம். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடலாம்.

பல் வேலைக்குப் பிறகு காய்ச்சல், தலைவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல் தெரிந்தால் அதே கிளினிக்குக்குத் திரும்பாமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். பல் மருத்துவர் வழக்கமாக எழுதித் தரும் அமாக்சிசிலின் தனியாக மெலியாய்டோசிஸ் கிருமியை ஒன்றும் செய்யாது. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம் நரம்பு வழியாக வாரக்கணக்கில், அதன்பின் மாதக்கணக்கில் மாத்திரை என்பதுதான் சிகிச்சை. சந்தேகம் வந்தால்தான் மருத்துவர் அதற்கான பரிசோதனையைக் கேட்பார். எனவே எந்தத் தேதியில் பல்லில் கைவைத்தார்கள் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.