லைசென்ஸ் துப்பாக்கியும் வாகனச் சோதனையும்: வணிகர்கள் அறிய வேண்டியவை

வெளியூர் வசூலுக்குச் சென்று ரொக்கத்துடன் திரும்பும் மொத்த வியாபாரிகளில் சிலர், தற்காப்புக்காக அரசின் உரிமம் பெற்று ரிவால்வர் வைத்திருக்கிறார்கள். உரிமம் பெறுவதற்குக் கலெக்டர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் மாதக்கணக்கில் நடப்பவர்கள்கூட, அதன் பிறகு சாலையில் போலீசார் வண்டியை நிறுத்தினால் எப்படி நடந்துகொள்வது என்பதை யாரிடமும் கேட்டுக்கொள்வதில்லை. “நம்மிடம் லைசென்ஸ் இருக்கிறதே, பயம் எதற்கு?” என்பதே பலருடைய எண்ணம். லைசென்ஸ் இருப்பது நமக்குத் தெரியும். இருட்டில் டார்ச் விளக்குடன் நிற்கும் காவலருக்குத் தெரியாது. எல்லாச் சிக்கலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2016 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பிலாண்டோ காஸ்டில் என்ற 32 வயதுக்காரரின் காரைப் போலீசார் நிறுத்தினார்கள். அவர் ஒரு பள்ளியின் உணவுக்கூட மேற்பார்வையாளர். துப்பாக்கிக்கு முறையான அனுமதி வைத்திருந்தவர். ஆவணங்களைக் கேட்ட போலீஸ்காரரிடம், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே முன்வந்து மரியாதையாகச் சொன்னார். அவர் கை துப்பாக்கியை நோக்கிப் போகிறது என்று போலீஸ்காரர் எண்ணினார்; சில விநாடிகளில் ஏழு முறை சுட்டார். காரில் ஒரு பெண்ணும் அவருடைய நான்கு வயது மகளும் இருந்தார்கள். 2017-இல் அந்தப் போலீஸ்காரரை நீதிமன்றம் விடுதலை செய்தது. இறந்தவர் மீது குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. உண்மையைச் சொன்ன மனிதருக்கே இந்தக் கதி என்றால், சொல்லும் முறையிலும் கையை வைக்கும் இடத்திலும் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். நமது நாட்டுச் சாலைகளில் நிலைமை அவ்வளவு கடுமையானது அல்ல என்றாலும், பதற்றம் எந்த ஊரிலும் பதற்றம்தான்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, ஆயுதம் எடுத்துச் செல்லும் எவரிடமும் உரிமத்தைக் காட்டும்படி எந்தப் போலீஸ் அதிகாரியும் கேட்கலாம். காட்ட மறுத்தாலோ, காட்ட இயலாமல் போனாலோ, பெயரையும் முகவரியையும் கேட்டு, தேவைப்பட்டால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். பெயர் சொல்ல மறுத்தாலோ, பொய் முகவரி என்று சந்தேகம் ஏற்பட்டாலோ, வாரண்ட் இல்லாமலே கைது செய்யவும் அதே பிரிவு இடம் தருகிறது. ஆகவே “லைசென்ஸ் வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் காட்டுகிறேன்” என்ற பதில் செல்லாது. துப்பாக்கி எங்கே போகிறதோ, உரிமப் புத்தகமும் அங்கே போக வேண்டும்.

உரிமத்தில் உள்ள விவரங்களையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்ந்துள்ளது. ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துள்ளது. உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் பெற்ற உரிமத்துடன் குண்டூர் மிளகாய் மண்டிக்கோ பெங்களூருக்கோ துப்பாக்கியைக் கொண்டுபோனால், எல்லை தாண்டியவுடன் நாம் உரிமத்தின் நிபந்தனையை மீறியவர்கள் ஆகிறோம். தோட்டாக்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். உரிமத்தில் கண்ட அளவுக்கு மேல் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நம் தொழிலில் அதிகம் நடக்கக் கூடிய தவறு இன்னொன்று. முதலாளி துப்பாக்கியை வண்டியின் டாஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார். டிரைவர் சரக்கு இறக்க வண்டியை எடுத்துப் போவார். வழியில் சோதனை வந்தால் மாட்டிக்கொள்பவர் டிரைவர்தான். உரிமம் முதலாளியின் பெயரில் இருக்கிறது. டிரைவர் கையில் அது உரிமமற்ற துப்பாக்கி. அதற்குத் தண்டனை குறைந்தது இரண்டு ஆண்டுச் சிறை. பழுது பார்க்கவோ, உரிமம் புதுப்பிக்கவோ வேறொருவர் மூலம் அனுப்ப நேர்ந்தால், உரிமதாரர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்து அனுப்பச் சட்டம் இடமளிக்கிறது. மற்றபடி குமாஸ்தாவிடமோ, மகனிடமோ, மருமகனிடமோ “கொஞ்சம் வைத்திரு” என்று கொடுக்கக் கூடாது. கூலி வேலைக்கு வந்த ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் காரியம் அது.

எடுத்துச் செல்லும் விதத்தையும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வரையறுக்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்குரிய உறையில், முழுவதும் மறைந்திருக்க வேண்டும். வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வசூல் பையில் நோட்டுக்கட்டுகளோடு போட்டுவைப்பதும், சீட்டுக்கு அடியில் செருகி வைப்பதும் முறையல்ல.

இனி, சோதனைக்கு வண்டி நிறுத்தப்படும்போது செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம்.

1. தடுப்பைக் கண்டதும் வண்டியைத் திருப்புவதோ வேகம் எடுப்பதோ கூடாது. மெதுவாக இடப்புறம் ஒதுக்கி நிறுத்தி, எஞ்சினை அணைக்கவும். இரவாக இருந்தால் உள்விளக்கைப் போடவும்.

2. கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல் வைத்துக்கொள்ளவும். உடன் இருப்பவரின் கைகளும் வெளியில் தெரிய வேண்டும். இறங்கச் சொன்னால் தவிர இறங்க வேண்டாம்.

3. ஆர்.சி. புத்தகம் முதலிய எதையும் எடுக்கக் கை நீட்டும் முன்பே சொல்லிவிடவும். “ஐயா, நான் இன்ன ஊர் வியாபாரி. என்னிடம் உரிமம் பெற்ற ரிவால்வர் இருக்கிறது. வலது இடுப்பில் உறையில் இருக்கிறது. உரிமம் சட்டைப் பையில் இருக்கிறது. எடுக்கலாமா?” என்று நிதானமாகச் சொன்னால் போதும். ‘உரிமம்’ என்ற சொல் முதலிலும் ‘ரிவால்வர்’ என்பது பின்னும் வர வேண்டும்.

4. அவர் சரி என்ற பிறகே கையை அசைக்கவும். இதற்காகவே உரிமத்தையும் வண்டிக் காகிதங்களையும் துப்பாக்கி இருக்கும் பக்கத்தில் வைக்காமல், எதிர்ப் பக்கத்தில் வைப்பது நல்லது.

5. துப்பாக்கியை நாமாக எடுத்துக் காட்டவே கூடாது. பார்க்க வேண்டும் என்றால் அவரே எடுத்துக்கொள்ளட்டும். அல்லது அவர் சொல்லும் முறைப்படி மட்டும் செய்யவும்.

6. கைப்பற்றினால் வாக்குவாதம் வேண்டாம். துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, தேதி, நேரம் ஆகியவை கண்ட ரசீதைக் கேட்டு வாங்கவும். மறுநாள் சங்க நிர்வாகிகளுடனும் வக்கீலுடனும் சென்று பேசலாம்.

போலீஸ் உடையில் கொள்ளையர் வந்தால் என்ன செய்வது என்று உறுப்பினர்கள் கேட்பது நியாயமே. சந்தேகம் எழுந்தால் கதவைப் பூட்டியபடி, கண்ணாடியைச் சிறிது மட்டும் இறக்கி, எந்தக் காவல் நிலையம் என்று கேட்கலாம்; உடன் இருப்பவர் 112 எண்ணுக்குப் பேசி அங்கே சோதனை நடக்கிறதா என்று விசாரிக்கலாம். அந்த நேரத்தில் துப்பாக்கியைத் தொடுவது மட்டும் கூடாது. எதிரில் நிற்பவர் உண்மையான காவலராக இருந்தால் அதைவிடப் பெரிய விபரீதம் வேறில்லை.

தேர்தல் காலம் தனி. தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் மாவட்ட நிர்வாகம் உரிமங்களைப் பரிசீலித்து, துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும். அறிவிப்பு கிடைத்ததும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது பெறுவது நமது கடமை. அப்போது பறக்கும் படை ரொக்கத்தையும் பார்க்கும். 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோகும் வியாபாரி பில், வங்கிச் சீட்டு, வசூல் சிட்டை ஆகியவற்றை உடன் வைத்திருக்க வேண்டும்.

முடிவாக ஒன்று. 2017 ஏப்ரல் முதல் ஒருவரிடம் ஒரே நாளில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுத்துள்ளது. வசூலில் பெரும்பகுதியை வங்கி மூலம் வாங்கிவிட்டால், இடுப்பில் துப்பாக்கி சுமக்கும் தேவையே பலருக்கு இராது. அப்படியும் தேவை உள்ளவர்கள் இன்றே பெட்டியைத் திறந்து, உரிமத்தில் காலம் எப்போது முடிகிறது, எல்லை எதுவரை, தோட்டா எத்தனை என்ற மூன்றையும் பார்த்து வைக்கட்டும்.