துலக்காத வாய்களின் கணக்கு

1970இல் இலங்கை மலைநாட்டின் இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்குப் பல் ஆய்வாளர்கள் சிலர் போனார்கள். நார்வேயில் பிறந்த ஹரால்ட் லோ அவர்களுக்குத் தலைமை. அங்கே வேலை செய்த 480 ஆண்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். எல்லாரும் தமிழ்த் தொழிலாளர்கள். பல் துலக்கும் பழக்கம் இல்லை, பல் வைத்தியரும் இல்லை. ஆனால் சொத்தைப் பல்லும் அநேகமாக இல்லை. ஆகவே ஒரு பல் விழுந்தால் ஈறுதான் அதைக் கைவிட்டது என்று நம்பிச் சொல்லலாம். 1985 வரை திரும்பத் திரும்பப் போய், ஒவ்வொரு பல்லிலும் ஈற்றின் பிடி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் அளந்தார்கள்.

எல்லார் பல்லிலும் அழுக்கு, எல்லார் ஈற்றிலும் வீக்கம். முடிவு மட்டும் ஒன்றாக இல்லை. நூற்றுக்கு 8 பேருக்கு இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45 வயதில் வாயே வெறுமையாகிவிட்டது. 81 பேருக்கு மெல்ல மெல்லத்தான் தேய்ந்தது. அதே 45 வயதில் சராசரியாக ஏழு பல் போயிருந்தது. மீதி 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, பல் அசையவே இல்லை. ஈறு நோயைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பெரும்பங்கு, வைத்தியம் எட்டாத இந்த மனிதர்களின் வாயிலிருந்து வந்தது. அந்த அறிவுக்கு விலையாகப் போனவை அவர்களுடைய பற்கள் என்பதைப் பாடநூல்கள் பெரிதாகச் சொல்வதில்லை.

அழுக்குதான் தொடக்கம் என்பதை லோ 1965இலேயே காட்டியிருந்தார். டென்மார்க்கின் ஆர்ஹூஸில் 12 பேரைப் பல் துலக்க வேண்டாமென்று விட்டுவிட்டார். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லாருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சில நாளில் ஆறிவிட்டது. இந்தக் கட்டம் வரை முழுதாகத் திரும்பி வர வழி உண்டு.

பல்லின் மேல் வழவழப்பாகப் படியும் அந்த வெளிர்ப் படலம் சோற்றுப் பருக்கை அல்ல; கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு வாழும் குடியிருப்பு. துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கிக் காரையாகிறது. கீழ் முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். எச்சில் சுரப்பியின் வாய் அங்கே திறப்பதால் காரை முதலில் கட்டுவதும் அங்கேதான். பிரஷ் அதை அசைக்காது, மருத்துவர் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். உண்மையில் பிடி முன்பே போயிருக்கும்; இடுக்கை அடைத்திருந்த காரை போனதும் அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவே இயல்பாக 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சிறு பள்ளம் உண்டு. பாக்டீரியாக்கள் அதற்குள் இறங்கியதும் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் படையெடுத்து வருகின்றன. அவை கக்கும் நொதிகள், கிருமியோடு நிற்காமல், பல்லை எலும்போடு கட்டியிருக்கும் நார்களையும் அரிக்கின்றன. அழற்சியின் சமிக்ஞை கேட்டு எலும்பைக் கரைக்கும் செல்களும் விழித்துக்கொள்கின்றன. பள்ளம் பையாக ஆழமாகிறது. அதன் அடியில் காற்றில்லாத இருட்டில் இன்னும் மோசமான கிருமிகள் குடியேறுகின்றன. எலும்பைத் தின்பது பெரும்பாலும் நம்முடைய சொந்தப் படைதான். அந்தப் படை எவ்வளவு மூர்க்கமானது என்பது ஆளுக்கு ஆள் மாறும். தேயிலைத் தோட்டத்தில் நூற்றுக்கு எட்டுப் பேரையும் பதினொரு பேரையும் பிரித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பிறவியில் வந்த மூர்க்கத்தை மாற்ற முடியாது; நோயின் வேகத்தைக் கூட்டும் மற்றவற்றில் சிலவற்றை மாற்றலாம். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாறுவதால் ஈறு எளிதில் வீங்கும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின் போன்ற மருந்துகள் சிலருக்கு ஈற்றைத் தடிக்க வைத்து அழுக்கு தங்க இடம் கொடுக்கும். புகையிலையோ இவற்றைவிடத் தந்திரமானது. புகைப்பவரின் ஈற்றில் ரத்தக் கசிவு குறைந்துவிடுகிறது. எச்சில் துப்பும்போது சிவப்பு தெரிவதுதான் இந்த நோய் தருகிற முக்கிய முன்னறிவிப்பு. வலி கடைசியில்தான் வரும். அந்த அறிவிப்பையே புகை மறைத்துவிட, உள்ளே எலும்பு மற்றவர்களைவிட வேகமாகக் கரைந்துகொண்டிருக்கும். புகைக்காதவர்களோ ரத்தத்தைப் பார்த்ததும் அந்த இடத்தை மட்டும் துலக்காமல் விடுகிறார்கள், துலக்க வேண்டிய இடமே அதுதான் என்று தெரியாமல்.

சர்க்கரை நோய் இரண்டு பக்கமும் வெட்டும். ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்படாவிட்டால் அழற்சி கூடுகிறது, புண் ஆறுவது தாமதமாகிறது. ஈற்றின் தீராத அழற்சி திரும்ப ரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குக் காரையை எடுத்து ஈற்றைச் சுத்தம் செய்தபோது, மூன்று நான்கு மாதங்களில் ரத்தச் சர்க்கரையின் கட்டுப்பாட்டைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாகச் சுமார் 0.4 புள்ளி இறங்கியதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கூடுதலாக ஒரு மாத்திரை சேர்ப்பதால் கிடைக்கக்கூடிய பலனுக்கு ஓரளவு பக்கத்தில் வருகிற அளவு அது. ஆனால் சர்க்கரைக்காகப் போகும் இடத்தில் வாயைத் திறக்கச் சொல்லும் டாக்டர்கள் இன்னும் குறைவுதான்.