எண்ணும்மையும் கணினியும்

புணே – லோணாவளா புறநகர் ரயில் தடத்தில், கட்கிக்கும் காசர்வாடிக்கும் இடையே அமைந்த நிலையம் தாபோடி. அங்கே ரயில் ஏறும் குழந்தைக்கு 5 வயது நிறையவில்லை எனில் பயணச்சீட்டு வேண்டுவதில்லை. 5 வயது நிறைந்து 12 வயது நிறையாதவர்க்குச் சிறுவர் சீட்டு. 12 வயது நிறைந்தவர்க்கு முழுச் சீட்டு. இவ்விதியை மனிதர் ஒருமுறை கேட்டவுடன் உணர்வர். கணினிக்கோ ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனியே எழுதி, அவற்றை முறையாக இணைத்துக் காட்டல் வேண்டும்.

இணைக்கும் கருவிகளே தருக்கச் செயற்குறிகள். பல நிரல்மொழிகளில் அவை மூன்று.

&& – இரு நிபந்தனைகளும் மெய்யானால் மட்டுமே முடிவு மெய்.
|| – இரண்டனுள் ஒன்றேனும் மெய்யானால் முடிவு மெய்.
! – மெய்யைப் பொய்யாகவும் பொய்யை மெய்யாகவும் மாற்றும்.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் நிரல்மொழியில் கட்டளைச் சொற்கள் தமிழிலேயே அமைந்துள்ளன. சிறுவர் சீட்டு விதியை அதில் இவ்வாறு எழுதலாம்:

வயது = 9
@( (வயது >= 5) && (வயது < 12) ) ஆனால்
    பதிப்பி "சிறுவர் சீட்டு"
முடி

இங்கு && இருக்குமிடத்தில் || இட்டால் என்ன நேரும்? 40 வயதினர் 5 வயதைக் கடந்தவர். ஆதலால் அவருக்கும் சிறுவர் சீட்டு கிடைக்கும். 2 வயதுக் குழந்தை 12-க்குக் குறைந்தது. அதற்கும் சிறுவர் சீட்டு கிடைக்கும். எந்த வயதும் இரண்டனுள் ஒன்றிற்குப் பொருந்துவதால், அந்நிபந்தனை எவரையும் பிரித்தறியாது.

பேச்சு மொழியின் சுருக்கமும் பிழைக்கு இடம் தரும். "நிலையம் கட்கி அல்லது தாபோடி" என்பது நல்ல தமிழ். ஆனால் (நிலையம் == "கட்கி" || "தாபோடி") என்று எழுதுவது பிழை. வலப்பக்கத்தில் தனித்து நிற்கும் "தாபோடி" எதனோடும் ஒப்பிடப்படவில்லை. பைத்தான் போன்ற மொழிகள் வெற்றல்லாத சொல்லை மெய் என்றே கொள்ளும். ஆகவே நிலையம் எதுவாயினும் முடிவு மெய்யாகிவிடும். ஒப்பீட்டை இருமுறையும் முழுமையாக எழுதுதல் வேண்டும்:

(நிலையம் == "கட்கி") || (நிலையம் == "தாபோடி")

தமிழின் எண்ணும்மையிலும் கவனம் தேவை. "சனியும் ஞாயிறும் விடுமுறை" என்னும் தொடரில் 'உம்' வந்துள்ளது. அதனைக் கண்டு && இடலாகாது; ஒரே நாள் சனியாகவும் ஞாயிறாகவும் இருத்தல் இயலாது. கணினி ஆராய்வது ஒரு நாளை. எனவே இங்கு || என்பதே பொருந்தும்.

இனி, வாரத்தில் 5 நாள் இயங்கும் பள்ளியின் மணியை நிரல் ஒலிக்கச் செய்வதாகக் கொள்க. மணி, விடுமுறை அல்லாத நாளில் ஒலித்தல் வேண்டும். அதற்குரிய நிபந்தனை:

(நாள் != "சனி") && (நாள் != "ஞாயிறு")

விடுமுறைக்கு || வந்தது; அதனை மறுக்கும்போது && வந்தது. இங்கு || இட்டால் ஞாயிறன்றும் மணி ஒலிக்கும். ஞாயிறு 'சனி அன்று' அல்லவா! மறுக்கும்போது 'அல்லது' என்பது 'உம்' ஆகவும், 'உம்' என்பது 'அல்லது' ஆகவும் மாறும் இம்முறை, டி மார்கன் விதி எனப்படும். இப்பெயருக்குரிய அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றியவரின் மகனான அவர், கைக்குழந்தையாகவே இங்கிலாந்து சென்று, பின்னர் லண்டனில் கணிதப் பேராசிரியரானார். 1847-இல் அவரும் ஜார்ஜ் பூலும் தருக்கவியல் நூல்களை வெளியிட்டனர். இன்றைய கணினியின் தருக்கம் அவர்கள் இட்ட அடித்தளத்தின்மீது எழுந்தது.

நிரலை எழுதியபின் எல்லை மதிப்புகளைக் கொடுத்துச் சோதித்தல் நன்று. சீட்டு விதிக்கு 4, 5, 11, 12 ஆகிய நான்கு வயதுகளும் சரியான விடை தருமாயின், இடைப்பட்டவையும் பெரும்பாலும் சரியாகவே அமையும்.

பயிற்சி

1. முழுச் சீட்டும் வேண்டாத, சிறுவர் சீட்டும் வேண்டாத வயதிற்குரிய நிபந்தனையை எழுதுக.
2. "பிம்ப்ரியிலும் சிஞ்ச்வடிலும் இறங்குவோர்" – ஒரு பயணியை ஆராயும் நிரலில் எச்செயற்குறி வரும்? காரணம் கூறுக.
3. !( (வயது >= 5) && (வயது < 12) ) என்பதை டி மார்கன் விதிப்படி விரித்தெழுதுக.