தலைக்குள் அடிக்கும் மணி

எங்கோ கேட்ட பெயர்போல இருக்கும். யார் என்றுதான் பிடிபடாது. அப்போது ஆங்கிலம் பேசுவோர், அந்தப் பெயர் ‘மணியடிக்கிறது’ என்பார்கள்: ரிங்ஸ் எ பெல். பெற்ற தாயின் பெயரைக் கேட்டு யாரும் அப்படிச் சொல்வதில்லை. அரைகுறை நினைவுக்கே உரிய தொடர் அது. அந்த அரைகுறை நினைவுக்கு மூளையில் தனி இடமே இருக்கிறது!

1980இல் உளவியலாளர் ஜார்ஜ் மேண்ட்லர் ஓர் எளிய உதாரணம் சொன்னார். பேருந்தில் ஒருவரைப் பார்க்கிறீர்கள். நிச்சயம் தெரிந்த முகம். ஆனால் யார்? யோசித்து யோசித்து, கடைசியில் பிடிபடுகிறது: கறிக்கடைக்காரர்! இங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன. ‘பார்த்த முகம்’ என்று மட்டும் சொல்வது பரிச்சய உணர்வு. எங்கே, எப்போது என்று தேடிக் கொண்டுவருவது நினைவுகூரல். முன்னது நொடியில் முடிந்துவிடும். பின்னதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

பார்த்ததை அடையாளம் காணும் இந்தத் திறன் மலைக்க வைப்பது. 1973இல் கனடாவின் உளவியலாளர் லயனல் ஸ்டாண்டிங் சிலருக்கு 10,000 படங்களை, ஒவ்வொன்றையும் 5 விநாடி மட்டும் காட்டினார். மொத்தம் ஏறக்குறைய 14 மணி நேரம். ஐந்து நாளில் முடித்தார். பிறகு பழைய படம் ஒன்று, புதியது ஒன்று எனச் சேர்த்துக் காட்டி, ‘முன்பு பார்த்தது எது?’ என்று கேட்டார். நூற்றுக்கு 83 விடைகள் சரி. குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் 50தான் தேறும்.

மணி அடிக்கும் விதம் இன்னும் விசித்திரம். கன்னப்பொட்டுக்கு உட்புறம், மூளையின் அடிப்பகுதியில் பெரிரைனல் புறணி என்றொரு பட்டை உண்டு. அதிலுள்ள பல நரம்பணுக்கள் புதிய படத்தைக் கண்டால் பரபரக்கும். பார்த்த படமே மீண்டும் வந்தால் அடங்கிவிடும். வீட்டு நாய் அந்நியரைக் கண்டு குரைத்து, தெரிந்தவரிடம் சும்மா இருப்பதுபோல. அந்த அமைதிதான் மணியோசை!

எங்கே, எப்போது என்று தேடுவது பக்கத்திலுள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் வேலை. வலிப்பு நோய்க்காக ஒரு பெண்ணுக்கு, ஹிப்போகாம்பஸை விட்டுவிட்டு, இடப்பக்கப் பெரிரைனல் புறணியின் பெரும்பகுதியை அகற்ற நேர்ந்தது. பிறகு சோதித்தபோது அவருடைய நினைவுகூரல் நன்றாகவே இருந்தது. பரிச்சய உணர்வு மட்டும் மங்கியிருந்தது. 2007இல் வெளியான இந்தச் செய்தி, இரண்டும் வேறு வேறு என்பதற்கு அருமையான சான்று.

மணி ஏமாறவும் செய்யும். 1989இல் உளவியலாளர் லாரி ஜேகோபி குழுவினர், யாருமறியாத பெயர்களின் பட்டியலைச் சிலருக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். ‘இவர் பிரபலமா?’ என்று உடனே கேட்டபோது குழப்பமில்லை. பட்டியலில் வந்த பெயர் என்று தெரிந்திருந்தது. மறுநாள் பட்டியல் மறந்துபோய், பரிச்சயம் மட்டும் மிஞ்சியது. அதே பெயர்களில் சிலவற்றைப் பிரபலங்களின் பெயர்கள் என்றே வாசித்தவர்கள் நம்பினார்கள்.